சூரியோவை எங்கே அனுப்புவது? மில்வாக்கியின் 2023 அவுட்ஃபீல்ட் கணக்கு

அமெரிக்காவில் பெரிய லீக்குக்கு ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் மைனர் லீக் பேஸ்பாலில் ஒரு தொடர் என்றால் ஆறு ஆட்டம். செவ்வாய்க்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும், திங்கள் விடுமுறை. களத்தின் வெளிவட்டமான அவுட்ஃபீல்டில் மூன்று இடம்: லெஃப்ட், சென்டர், ரைட். ஆக, வாரத்துக்குப் பதினெட்டு இடம். ஒரு அணியில் ஐந்து அவுட்ஃபீல்டர்கள் இருந்தால் ஆளுக்கு மூன்றரைக்குச் சற்று மேல் வரும். களத்தில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிக்கிற டிஎச் இடம் ஒன்று உண்டுதான். ஆனால் அதற்கு ஓய்வு தேவைப்படும் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட்கீப்பர் மாதிரி), முழங்கால் வலிக்காரர், ஃபீல்டிங் சுத்தமாக வராத முதல் பேஸ்காரர் என்று ஏற்கெனவே வரிசை நிற்கும். சென்டர் ஃபீல்டை மட்டும் தனியாக எடுத்தால் கணக்கு இன்னும் மோசம். வாரத்துக்கு ஆறே ஆறு. இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று.

எந்த இளம் ஆட்டக்காரர் எந்த அணியில் சீசனைத் தொடங்குவார் என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊகித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். பல வருடம் இந்தப் பதினெட்டைக் கணக்கில் எடுக்காமலேயே ஊகித்தேன். பையன் போன வருடம் எவ்வளவு அடித்தான், தரவரிசையில் எத்தனாவது இடம், வயது என்ன, இவ்வளவுதான் பார்ப்பேன். பாதிக்குப் பாதி தப்பும். கீழேயிருந்து மேலே பார்த்தால் அப்படித்தான் தப்பும், மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது 2023இல், மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியை வைத்து. முடிவு தெரிந்துவிட்ட கதை என்பதால், அன்றைக்குக் கையில் இருந்த வழிகளை இப்போது நிதானமாக எடை போடலாம்.

முதலில் ஏணி. 2021இல் மைனர் லீக்கைச் சுருக்கி மாற்றியமைத்த பிறகு ஒவ்வொரு பெரிய அணிக்கும் முழு சீசன் ஆடும் கிளை அணிகள் நான்கு. ப்ரூவர்ஸுக்கு அப்போது மேலே ட்ரிபிள்-ஏ மட்டத்தில் நாஷ்வில் சவுண்ட்ஸ். அதற்குக் கீழே டபுள்-ஏ, மிசிசிப்பி கடற்கரையில் பிலக்ஸி ஷக்கர்ஸ். அப்புறம் ஹை-ஏ, விஸ்கான்சினில் ஆப்பிள்டன் ஊரை ஒட்டி ஆடும் டிம்பர் ராட்லர்ஸ். கடைசியில் சிங்கிள்-ஏ, வட கரோலினாவின் ஸெபுலன் ஊரில் மட்கேட்ஸ். பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்: சிப்பி உடைக்கிறவர்கள், விரியன் பாம்புகள், சேற்றுக் கெளுத்திகள். (எழுத்தில் பார்த்தால் பிலாக்ஸி என்றுதான் படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது பிலக்ஸி.)

ஒவ்வொரு படிக்கும் சம்பளமும் வேறு. 2023இல் வந்த முதல் கூட்டு ஒப்பந்தத்தின்படி வருடத்துக்கு சிங்கிள்-ஏயில் குறைந்தது 26,200 டாலர், ஹை-ஏயில் 27,300, டபுள்-ஏயில் 30,250, ட்ரிபிள்-ஏயில் 35,800. பெரிய போனஸ் வாங்கிய பையன்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. மற்றவர்களுக்கு வாடகை.

இனி ஆட்கள்.

2022 கடைசியில் மில்வாக்கியின் அவுட்ஃபீல்ட் கிட்டத்தட்ட காலியானது. ஹன்டர் ரென்ஃப்ரோவை ஏஞ்சல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்ட்ரூ மெக்கட்சன் ஒப்பந்தம் முடிந்து பிட்ஸ்பர்க் திரும்பினார். பந்து வீசும் பிட்சர் ஜாஷ் ஹேடரைக் கொடுத்து வாங்கிய எஸ்டூரி ரூயிஸ் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பரில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த வியாபாரத்தில் அவர் ஓக்லண்ட் போனார், பதிலுக்கு கேட்சர் வில்லியம் கான்ட்ரேராஸ் வந்தார். ரூயிஸ் 2023இல் 67 பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த நிலைக்கு ஓடிப் பிடித்து) அமெரிக்கன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார் என்பதைப் பார்த்தவர்களுக்கு மில்வாக்கி ஏமாந்துவிட்டது போலத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைவசம் சென்டர் ஃபீல்டர்கள் நாலு பேர் இருக்கும்போது ஐந்தாமவரைக் கொடுத்து ஒரு நல்ல கேட்சரை வாங்குவது புத்திசாலித்தனம். முன்பு சொன்ன பதினெட்டுக் கணக்கு இங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அந்த நாலு பேர்: கேரட் மிட்செல், ஜோயி வீமர், சால் ஃப்ரெலிக், ஜாக்சன் சூரியோ. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மிட்செல் 2020இன் முதல் சுற்று, வீமர் அதே வருடம் நான்காம் சுற்று, ஃப்ரெலிக் 2021இல் பதினைந்தாவது தேர்வு. மூவரும் கல்லூரி வழியாக வந்தவர்கள். சூரியோ வேறு வகை. வெனிசுவேலாவின் மரகைபோ ஊர்க்காரர், 2021 ஜனவரியில் பதினாறு வயதில் 18 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டவர்.

சூரியோவுக்கு மூன்று வழி

2022இல் இந்தப் பையன் செய்ததுதான் எல்லோருடைய ஊகத்தையும் குழப்பியது. டொமினிகன் கோடை லீக்கில் ஒரு வருடம் ஆடியவரை, அடுத்த படியான, அரிசோனாவில் நடக்கும் காம்ப்ளக்ஸ் லீக்கைத் தாண்டி நேராக கரோலினாவுக்கு அனுப்பினார்கள். வயது 18. அங்கே 62 ஆட்டங்களில் .324 அடித்தார் (ஆயிரம் வாய்ப்புக்கு 324 ஹிட் என்ற விகிதம்), 12 ஹோம் ரன். அப்படியே ஹை-ஏ விஸ்கான்சினுக்கு ஏற்றினார்கள்: 31 ஆட்டம், .252, ஆனால் எட்டு ஹோம் ரன். சீசன் முடிகிற நேரத்தில் பிலக்ஸிக்கும் ஏற்றினார்கள். அங்கே ஆறு ஆட்டம். 23 பந்து வாய்ப்புகளில் இரண்டே ஹிட்.

வருடம் முழுக்கச் சேர்த்தால் 99 ஆட்டம், .288, 20 ஹோம் ரன். கூடவே, மட்டை பிடிக்க வந்த நாலு தடவையில் ஒன்றுக்கும் மேல் ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட். 2023 மார்ச் 11ஆம் தேதி 19 வயது முடிந்தது. இவரை எங்கே தொடங்க வைப்பது?

முதல் வழி, மறுபடியும் விஸ்கான்சின். காகிதத்தில் இதற்கு நியாயம் இருக்கிறது. 31 ஆட்டம் என்பது ஒரு மாதத்துக்குச் சற்று மேல், .252 என்பது பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்லும் எண் இல்லை. ஆனால் ஆப்பிள்டனின் ஏப்ரல் மாலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மில்வாக்கியிலிருந்து இன்னும் நூறு மைல் வடக்கே. முதல் சில வாரங்கள் குளிரிலும் மழையிலும் ஆட்டங்கள் தள்ளிப் போகும். விளிம்பில் பட்ட பந்து ஒவ்வொன்றும் கைவிரலில் மின்சாரம் மாதிரிப் பாயும். அந்தக் குளிரில் ஒரு மட்டையாளரைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மேலும், ஒரு மட்டத்தில் அரைகுறையாக ஆடி மேலே போனவரைத் திரும்ப இறக்கினால், ஆறு ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதியதாக ஆகும். ஆறு ஆட்டத்துக்கு யாரும் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் கூடாது.

இரண்டாவது வழி, துணிந்து நாஷ்வில். இப்போது கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு பதினெட்டு வயதுக்காரரை ஒரே வருடத்தில் மூன்று படி ஏற்றிய அமைப்பு இது, அதனால் அந்த மார்ச்சில் இப்படி நினைப்பதற்கும் இடம் இருந்தது. ட்ரிபிள்-ஏயில் பயன்படுத்துவது பெரிய லீக் பந்து. 2023இல் ட்ரிபிள்-ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் அடிக்கும் எல்லைக்குள் வந்த பந்து (ஸ்ட்ரைக்) எது, வெளியே போனது (பால்) எது என்று இயந்திரம் சொல்லும் ஏற்பாடும் வந்தது: வாரத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் முழுக்க இயந்திரத் தீர்ப்பு, கடைசி மூன்றில் அம்பயர் சொல்வதை எதிர்த்து முறையிடும் வசதி. பந்தை நன்றாகப் பொறுக்கி ஆடும் மட்டையாளருக்கு இது வரம். சூரியோ அப்போது பொறுக்குகிறவர் இல்லை, வெளியே போகும் பந்துக்கும் மட்டை வீசித் துரத்துகிறவர். அதோடு ட்ரிபிள்-ஏ பிட்சர்களில் பலர் முப்பதை நெருங்குகிறவர்கள், பெரிய லீக்குக்குப் போய் வந்தவர்கள். வேகம் குறைந்திருக்கும், தந்திரம் கூடியிருக்கும். துரத்தும் பத்தொன்பது வயதுப் பையனை அவர்கள் கையில் கொடுப்பது, நீச்சல் பழகுகிறவனைச் சுழலில் இறக்குவது போல.

இவ்வளவும் திறமை பற்றிய வாதம். எனக்கு முக்கியமாகப் படுவது இது இல்லை. நாஷ்வில்லில் சென்டர் ஃபீல்ட் காலியாக இல்லை என்பதுதான். ஃப்ரெலிக், வீமர், மில்வாக்கியில் இடம் கிடைக்காவிட்டால் மிட்செல், மூவருமே சென்டர் ஃபீல்ட் ஆடத் தெரிந்தவர்கள், மூவருமே பெரிய அணியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு தூரத்தில் இருப்பவர்கள். அவர்களுடைய ஆறு நாட்களில் சூரியோவுக்கு ஒதுக்கினால் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். மற்ற நாட்களில் லெஃப்ட், ரைட், டிஎச். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்கப் பழக வேண்டியவரை வாரத்தில் நாலு நாள் பவுண்டரி கோட்டில் நிறுத்துவது மாதிரி.

மூன்றாவது வழி, பிலக்ஸி. சதர்ன் லீக்கில் எட்டே அணிகள். நீண்ட பேருந்துப் பயணங்கள், திரும்பத் திரும்ப அதே எதிரணிகள், அதே பிட்சர்கள். இதைக் குறை என்பார்கள். இளம் மட்டையாளருக்கு இது நல்லது என்பது என் கட்சி. செவ்வாய்க்கிழமை ஸ்லைடர் என்ற வளையும் பந்தைத் துரத்தி அவுட் ஆனால், ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் அதே ஸ்லைடரோடு வருவார். பாடமும் தேர்வும் ஒரே வாரத்தில். டபுள்-ஏயில் சராசரி வயது 24ஐ ஒட்டி இருக்கும், வேகமாகப் போடும் இளம் பிட்சர்கள் நிறைய. ஏப்ரலிலும் மெக்சிகோ வளைகுடாக் காற்று இதமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்டர் ஃபீல்டை முழுசாகக் கொடுக்கலாம்.

பிலக்ஸி மைதானமே ஒரு கதை. கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய சூதாட்ட விடுதிக்கு எதிரே இருக்கிறது. 2015இல் அணி இந்த ஊருக்கு வந்தபோது மைதானம் கட்டி முடியவில்லை. ஜூன் வரை 54 ஆட்டங்களை வேறு ஊர்களிலேயே ஆடிவிட்டுத்தான் சொந்த மைதானத்துக்குள் நுழைந்தார்கள். வீட்டுக்கு வராமலே குடித்தனம் நடத்திய கூட்டம்.

இந்த மூன்றாவது வழிக்கு ஒரே ஒரு பாதகம் இருந்தது, அதை முன்கூட்டி எடை போட்டவர்கள் குறைவு. 2023இன் முதல் பாதியில் சதர்ன் லீக்கில் மட்டும் ஒரு பரிசோதனை வைத்தார்கள். தொழிற்சாலையிலேயே பிசுபிசுப்பு ஏற்றிய பந்து. பிட்சர்கள் கையில் கள்ளத்தனமாகப் பசை தடவும் பிரச்சினைக்குத் தீர்வு தேடுகிறோம் என்பது நோக்கம். விரலில் நன்றாகப் பிடித்தால் பந்து கூடுதலாகச் சுழலும், கூடுதலாக வளையும். ஸ்ட்ரைக்அவுட் எகிறியது. பெரிய பட்டியல்களில் உச்சியில் இருந்த ஒரு பத்தொன்பது வயதுக்காரரின் எண்கள் ஏப்ரல், மே மாதங்களில் தரை தட்டினதற்குப் பையன் காரணமா, பந்து காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேலே நடந்த இழுபறி

சூரியோவின் விஷயம் இவ்வளவு எளிதாக பிலக்ஸியில் போய் நின்றதற்குக் காரணம், அவருக்கு மேலே மூன்று பேர் இரண்டு ஊர்களுக்கு நடுவே நெரிசலில் நின்றதுதான். மில்வாக்கியில் லெஃப்ட் ஃபீல்ட் கிறிஸ்டியன் யெலிச்சுக்கு. டைரோன் டெய்லர் முழங்கைக் காயத்தோடு சீசனைத் தொடங்கினார். சென்டரும் ரைட்டும் திறந்து கிடந்தன.

மிட்செல் 2022 ஆகஸ்டிலேயே பெரிய லீக்குக்கு வந்துவிட்டவர். 28 ஆட்டத்தில் .311. பார்க்க அழகான எண். ஆனால் 68 தடவை மட்டை பிடிக்க வந்ததில் 28 ஸ்ட்ரைக்அவுட். பந்தைத் தொட்டபோதெல்லாம் அது காலி இடம் பார்த்து விழுந்தது என்று அர்த்தம். அது நீடிக்காது என்று யாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மிட்செல் மில்வாக்கியில் தொடங்குவார் என்று நான் ஊகித்தேன். ஊகத்துக்குக் காரணம் மட்டை இல்லை, நாற்பது பேர் பட்டியல். பெரிய அணியில் ஆட வேண்டுமானால் இந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மிட்செல் ஏற்கெனவே உள்ளே இருந்தார். வீமரும் ஃப்ரெலிக்கும் வெளியே. அவர்களைச் சேர்த்தால் இன்னொருவரை வெளியே தள்ள வேண்டும். ஏப்ரல் முதல் நாளில் எந்த நிர்வாகமும் விரும்பிச் செய்யும் காரியம் இல்லை அது.

ஃப்ரெலிக்கா வீமரா என்பதுதான் உண்மையான போட்டி. மட்டையை மட்டும் வைத்தால் ஃப்ரெலிக். 2022இல் விஸ்கான்சின், பிலக்ஸி, நாஷ்வில் மூன்றிலும் ஆடி மொத்தம் .331, நாஷ்வில்லின் 46 ஆட்டங்களில் மட்டும் .365. ஆளை ஸ்ட்ரைக்அவுட் செய்வது குதிரைக் கொம்பு. வீமர் இதற்கு நேர் எதிர். உயரமான, வாட்டசாட்டமான ஆள், பந்தை எறியும் கை துப்பாக்கி மாதிரி, 21 ஹோம் ரன், 31 திருட்டு, கூடவே நிறைய வெற்று வீச்சு. நின்றால் உடம்பு முழுக்க ஆடும், பந்து வருகிற நேரத்தில் எல்லாம் எப்படியோ ஒரு இடத்துக்கு வந்துவிடும். சில நாள் வராது.

ஆனால் 2023 மார்ச்சில் அரிசோனாவில் நடந்த பயிற்சி முகாமில் ஃப்ரெலிக் முழு மாதமும் இருக்கவில்லை. உலக பேஸ்பால் கிளாசிக்கில் இத்தாலிக்காக ஆடப் போனார். தைவானின் தைசுங், அப்புறம் காலிறுதிக்காக டோக்கியோ, ஜப்பானுக்கு எதிராகத் தோல்வி, திரும்பல். ஃபீனிக்ஸின் மேற்கே மேரிவேலில் உள்ள ப்ரூவர்ஸ் முகாமில் அந்த வாரங்களில் மேனேஜர் கிரெய்க் கவுன்செலின் கண்முன் நின்றவர் வீமர். இது எவ்வளவு தூரம் முடிவைத் திருப்பியது என்பதை உள்ளே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், முகாமில் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது சின்ன விஷயமில்லை.

சேவை நாள் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இது இல்லாமல் எந்த ஊகமும் முழுமையாகாது. பெரிய லீக் சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருடச் சேவை என்று கணக்கு. ஆகவே ஒரு நல்ல இளைஞரை இரண்டு மூன்று வாரம் கீழே வைத்திருந்தால், அணிக்கு அவர் மீது இன்னொரு வருட உரிமை கிடைக்கும். ஃப்ரெலிக்கின் எண்களைப் பார்த்துவிட்டு அவர் மில்வாக்கியில்தான் தொடங்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு நான் காட்டியது இந்த 172தான். திறமைக்குச் சம்பந்தமே இல்லாத எண். ஆனால் ஏப்ரலில் அதுதான் பேசும்.

எனவே நான் எழுதி வைத்த பட்டியல்: மில்வாக்கியில் மிட்செல். நாஷ்வில்லில் ஃப்ரெலிக், வீமர். பிலக்ஸியில் சூரியோ. கீழே விஸ்கான்சினில் ஹெட்பர்ட் பெரெஸ், ஏனென்றால் கரோலினாவில் சுமாராக ஆடியிருந்தாலும் அங்கேயே இன்னொரு வருடம் வைத்தால் கீழிருந்து வருகிறவர்களுக்கு இடம் அடைபடும். கரோலினாவுக்கு, சீசன் கொஞ்சம் நகர்ந்த பிறகு, பதினெட்டு வயது லூயிஸ் லாரா. கீழ்மட்டங்களைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதில் பயனில்லை.  

ஊகம் தாங்கியது எத்தனை நாள்

இரண்டு நாள்.

மார்ச் 30ஆம் தேதி சிகாகோவில் முதல் ஆட்டம். மூன்றாவது பேஸ்காரர் லூயிஸ் உரியாஸுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. உள்வட்டமான இன்ஃபீல்டில் ஒருவர் விழுந்தால் அவுட்ஃபீல்டில் என்ன ஆகும்? அன்று ரைட் ஃபீல்டில் நின்ற பிரையன் ஆண்டர்சன் மூன்றாவது பேஸும் ஆடக்கூடியவர். அவர் உள்ளே நகர்ந்தார், ரைட் ஃபீல்ட் காலி. ஏப்ரல் 1ஆம் தேதி சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் வீமர் அறிமுகம். நாற்பது பேர் பட்டியலில் இல்லாதவரைச் சேர்க்க அணி யோசிக்கும் என்று நான் சொன்னது உண்மைதான். காயம் வந்தால் யோசிக்க நேரம் இருக்காது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18ஆம் தேதி சியாட்டிலில் மூன்றாவது பேஸுக்குச் சறுக்கும்போது மிட்செலின் தோள் போனது. அறுவை சிகிச்சை. சீசனின் கடைசி நாட்கள்வரை அவர் திரும்பவில்லை. இப்போது நாஷ்வில்லிலிருந்து ஃப்ரெலிக் வர வேண்டும், வரிசைப்படி அவர்தான். அதே ஏப்ரலில் ஃப்ரெலிக்கின் கட்டைவிரலில் அறுவை சிகிச்சை. ஒரே மாதத்தில் சென்டர் ஃபீல்டர்கள் நாலு பேரில் இரண்டு பேர் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது சிலருக்குத் தோன்றியது: சரி, சூரியோவை நாஷ்வில்லுக்கு ஏற்றலாமே, இப்போது அங்கே சென்டர் ஃபீல்ட் காலிதானே? என் பதினெட்டுக் கணக்கின்படியே பார்த்தால் அந்த வாதம் சரி. அந்த இடத்தில்தான் என் கணக்கு மட்டும் போதாது என்று தெரிந்தது. பிசுபிசுப்புப் பந்தில் திணறிக்கொண்டிருந்த பையனை, அது முடியும் முன் மேலே ஏற்றினால், அவர் என்ன கற்றார் என்று யாருக்கும் தெரியாமலே போகும். ப்ரூவர்ஸ் அவரைத் தொடவில்லை. ஜூலையில் லீக் பழைய பந்துக்குத் திரும்பியது. சூரியோவின் மட்டையும் திரும்பியது. கடைசியில் பிலக்ஸியில் 122 ஆட்டம், .280, 22 ஹோம் ரன், நாற்பதுக்கு மேல் திருட்டு. எனக்கு இதில் முக்கியம் ஹோம் ரன் இல்லை. முந்தின வருடம் நாலில் ஒன்றுக்கு மேல் இருந்த ஸ்ட்ரைக்அவுட், ஒரு படி மேலே, மோசமான பந்தோடு, ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியதுதான். முதல் வழியில் விஸ்கான்சினுக்கு அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்கலாம். ஆனால் அங்கே நடந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஆறு ஆட்டத்துக்கு நாஷ்வில். டிசம்பரில் எட்டு வருடத்துக்கு 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம். பெரிய லீக்கில் ஒரு பந்துகூட ஆடாத மைனர் லீக் ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ஒப்பந்தம் ஆனதும் 172 நாள் கணக்குக்கு வேலையே இல்லாமல் போனது. 2024 மார்ச் 29ஆம் தேதி, 20 வயதும் 18 நாளும் ஆகியிருந்தபோது, நியூயார்க்கில் சூரியோ அறிமுகமானார். அந்த வருடம் 21 ஹோம் ரன், 22 திருட்டு. இருபதுக்கு இருபது செய்தவர்களில் வரலாற்றிலேயே அவருக்குத்தான் வயது குறைவு.

ஃப்ரெலிக் 2023 ஜூலை 22ஆம் தேதி அட்லாண்டாவுக்கு எதிராக வந்தார். முதல் ஆட்டத்தில் மூன்று வாய்ப்பில் மூன்று ஹிட், இரண்டு அபாரமான கேட்ச். மறு வருடம் ரைட் ஃபீல்டில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது. வீமர் 2023இல் 132 ஆட்டம் ஆடி .204. ஃபீல்டிங் கண்ணைக் கவர்ந்தது, மட்டை நிற்கவில்லை. 2024 ஜூலையில் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மிட்செல் விழுந்த ஏப்ரலில் அழைப்பு வந்தது பிளேக் பெர்க்கின்ஸுக்கு. 2015இல் வாஷிங்டன் எடுத்த ஆள், கான்சஸ் சிட்டி, யாங்கீஸ் என்று அமைப்பு மாறி மாறி ஏழெட்டு வருடம் மைனர் லீக்கிலேயே கழித்தவர். 2022 நவம்பரில் மில்வாக்கி சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டது. பெரிய லீக் ஒப்பந்தம் என்பதால் நாற்பது பேர் பட்டியலில் அவர் பெயர் முதல் நாளிலிருந்தே இருந்தது. மிட்செலுக்காக நான் பக்கம் பக்கமாக வாதாடிய அதே காரணம், பெர்க்கின்ஸுக்கும் பொருந்தும் என்று பார்க்கவே இல்லை. என் காகிதத்தில் நாஷ்வில் வரிசையின் அடியில், பென்சிலில், கேள்விக்குறியோடு இருந்தது அந்தப் பெயர்.

2024இல் மில்வாக்கியின் சென்டர் ஃபீல்டில் பெரும்பாலான நாட்கள் நின்றவர் பெர்க்கின்ஸ். பிலக்ஸியில் ஒரு வருடம் முழுக்க சென்டர் ஃபீல்ட் பழகிய சூரியோ அவருக்குப் பக்கத்தில், பெரும்பாலும் லெஃப்டிலும் ரைட்டிலும் ஆடிக்கொண்டிருந்தார்.